ஸ்வேட்: தோல் நம்மது, பெயர் யாருடையது?

ஸ்வேட் என்ற சொல்லுக்குள் ஒரு நாடு உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ‘கான் த ஸ்வேத்’ என்றால் ஸ்வீடன் நாட்டுக் கையுறை. ஆங்கிலத்துக்குள் அந்தச் சொல் நுழைந்து புழங்கியபோது கையுறை கழன்று விழுந்துவிட்டது, நாட்டின் பெயர் மட்டும் தங்கிவிட்டது. இன்றைக்கு எந்த நாட்டு ஆட்டின் தோலை எந்த நாட்டில் வைத்துத் தேய்த்தாலும் அது ஸ்வீடன்தான். நம்ம ஊர்க் கடைகளில் ‘சூட் லெதர்’ என்பார்கள், சிலர் ‘ஸ்வீட் லெதர்’ என்றே சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

புத்தகத்தை, சினிமாவை விமர்சிப்பதுபோல ஒரு பொருளையும் விமர்சிக்கலாம் என்பது என் கட்சி. அது என்ன செய்கிறது, எதை மறைக்கிறது, அதன் மதிப்பு யாருக்குப் போகிறது என்று கேட்டால் போதும். ஸ்வேட்டை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் நான் இருக்கிற ஊர். தோல் பதனிடுவதில் நூறு வருடத்துக்கு மேல் கைதேர்ந்த திருச்சி, உலகத்துக்கு அவ்வளவு தோல் அனுப்பியும், ஏன் தன் பெயரைத் தோலில் எழுதவே இல்லை? அந்தக் கேள்விக்கு ஸ்வேட் வழியாகப் போவது சுலபம்.

முதலில் பொருள்

ஆட்டுத்தோலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மேலே மயிர்க்கால்கள் உள்ள மெல்லிய, நெருக்கமான அடுக்கு. இதை ‘கிரெய்ன்’ என்கிறார்கள். அதன் கீழே கனமான நார்க்கற்றைகள். அதற்கும் கீழே சதை ஒட்டியிருந்த பக்கம். சாதாரண ஷூ, பெல்ட், மணிபர்ஸ் எல்லாம் கிரெய்ன் பக்கத்தை வெளியே காட்டும். ஸ்வேட் அதைத் திருப்பிப் போடுகிறது. சதைப்பக்கத்தை எமரித் தாளால் தேய்த்து, நார்களைப் பஞ்சுபோல எழுப்பி, அதையே முகமாக்குகிறது.

மாட்டுத்தோல் தடிமனானது. அதை மெஷினில் அடுக்கடுக்காகப் பிளந்து, கீழடுக்கைத் தேய்த்தால் கிடைப்பது ‘ஸ்ப்ளிட் ஸ்வேட்’. விலை குறைவு, நார் முரடு. குட்டி ஆட்டின் தோலில் நார் நுண்மையாக இருப்பதால் ஸ்வேட்டும் பட்டுமாதிரி வரும். ‘நூபக்’ என்று ஒன்று உண்டு. பார்க்க ஸ்வேட் போலவே இருக்கும், ஆனால் அது கிரெய்ன் பக்கத்தை லேசாகத் தேய்த்தது. இரண்டும் ஒரே ஜாடை, ஆனால் எதிரெதிர்ப் பக்கம்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. நம்ம ஊர் ஆடு பண்ணையில் வளர்வதில்லை. கருவேல முள்ளுக்குள் மேய்கிறது, உண்ணி கடிக்கிறது, அம்மை வந்து தழும்பு விழுகிறது. இதெல்லாம் கிரெய்ன் பக்கத்தில் பளிச்சென்று தெரியும், தரம் பிரிக்கும்போது அந்தத் தோல் கீழே போய்விடும். அதைக் காப்பாற்றும் வழிகளில் ஒன்று ஸ்வேட். முகம் தேறாத தோலை மறுபக்கம் திருப்பி விற்பது. ஆடம்பரம் என்று நாம் நினைக்கிற பொருள் பல நேரம் கழித்துக்கட்டிய சரக்கின் மறுபிறவி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, நல்ல பொறியியல்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கிரெய்ன் பக்கத்தில் கோளாறு இருந்தால் சாயம் பூசலாம், அச்சு வைத்து அழுத்தலாம். சதைப்பக்கத்தில் கத்தி வழுக்கி ஒரு வெட்டு விழுந்திருந்தால் ஸ்வேட்டில் அதை மறைக்கவே முடியாது. ஆக, ஸ்வேட்டின் தரத்தில் பாதியைத் தீர்மானிப்பது கசாப்புக் கடையில் தோலை உரித்தவர் கையும், தோல் ஷாப்பில் சதையைச் சீவியவர் கையும்தான். டிசைனர் வருவதற்கு ரொம்ப முன்னாடியே பரீட்சை முடிந்துவிடுகிறது.

என் மதிப்பெண்

நிறத்தில் ஸ்வேட்டை அடிக்க ஆள் இல்லை. எழுந்து நிற்கும் நார்கள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் பளபளப்பு இல்லாத, ஆழமான நிறம் கிடைக்கிறது. விரலால் ஒரு கோடு இழுத்தால் இரண்டு நிழல் தெரியும். உடம்போடு வளைந்து விழும்.

பலவீனமும் அதே நார்கள்தான். தண்ணீரைக் குடிக்கும், எண்ணெயைக் குடிக்கும், தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் வியர்வை, ஐப்பசி மழையில் பூஞ்சை. நேதன் கிளார்க் என்ற பிரிட்டிஷ்காரர் இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் இருந்தபோது, கெய்ரோ கடைத்தெருவில் சில அதிகாரிகள் வாங்கி வந்திருந்த ஸ்வேட் பூட்ஸைப் பார்த்துத்தான் ‘டெஸர்ட் பூட்’ செய்தார் என்பது தெரிந்த கதை. பெயரிலேயே பாலைவனம் இருக்கிறது. அது வறண்ட நிலத்துச் செருப்பு. சத்திரம் பஸ் ஸ்டாண்டின் மழைச் சகதிக்கு அல்ல.

அதனால் திருச்சியில் வெளியே போட்டுப்போகும் ஷூவாக ஸ்வேட்டுக்கு நான் பத்துக்கு மூன்றுதான் போடுவேன். செருப்பின் உள்பட்டையாக, பாதம் படும் இடத்தில் என்றால் எட்டு. வியர்வையை உறிஞ்சும், கால் வழுக்காது, உறுத்தாது. நம்ம தட்பவெப்பத்தில் ஸ்வேட்டின் இடம் செருப்புக்கு உள்ளே. நம்ம கடைகள் அதை வெளியே ஒட்டி, உள்ளே ரெக்சின் வைக்கின்றன. சரியாகத் தலைகீழ்.

கடையில் கிடைப்பது

என்.எஸ்.பி. ரோடு பக்கம் ஒரு கடையில் ‘ஒரிஜினல் ஸ்வேட்’ என்று ஒரு பையைக் காட்டினார்கள். தையல் விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் பின்னல் துணி. பாலியெஸ்டர். கடைக்காரர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு வந்த பெட்டியில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

செயற்கை ஸ்வேட் மட்டமான பொருள் என்றும் சொல்லிவிட முடியாது. 1970-இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ என்ற விஞ்ஞானி, மிகமிக மெல்லிய பாலியெஸ்டர் இழைகளை பாலியூரித்தேன் கொண்டு பிணைத்து ஒரு பொருளை உருவாக்கினார். அமெரிக்காவில் அது ‘அல்ட்ராஸ்வேட்’. 1972-இல் ஹால்ஸ்டன் அதில் தைத்த சட்டை-கவுன் பெரிய வெற்றி. துவைக்கலாம், சுருங்காது. டோரே அதற்குத் தனிப்பெயர் வைத்து, இது இன்னதுதான் என்று சொல்லி விற்றது. நம்ம கடையில் உள்ள சரக்குக்கு அந்தத் தரமும் கிடையாது, தனிப்பெயரும் கிடையாது. தோலின் பெயரை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது.

பிளாஸ்டிக்கை ‘விலங்குக்குத் தீங்கில்லாத ஸ்வேட்’ என்று விற்பதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. நம்ம ஊரில் ஆடு அறுக்கப்படுவது கறிக்காக. தோல் மிச்சம். அதைப் பயன்படுத்தாமல் பெட்ரோலியத்திலிருந்து துணி செய்வதால் எந்த ஆடும் பிழைத்துவிடுவதில்லை. தோல் பதனிடுவதால் வரும் கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. கீழே வருகிறேன்.

செம்பட்டு

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற ரோட்டில், விமான நிலையத்துப் பக்கம் இருக்கிறது செம்பட்டு. திருச்சிக்காரர்களுக்கு அது ஏர்போர்ட் போகும் வழி. தோல் வியாபாரிகளுக்கு வேறு அர்த்தம். திருச்சியும் திண்டுக்கல்லும் ‘ஈஸ்ட் இந்தியா லெதர்’, சுருக்கமாக ‘ஈ.ஐ. லெதர்’ என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிய தோலின் மையங்கள்.

முறை இதுதான். உப்புப் போட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கி, சதை சீவி, பிறகு ஆவாரம்பட்டைச் சாறு உள்ள குழிகளில் வாரக்கணக்கில் போட்டு எடுப்பார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அதே ஆவாரைதான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாறு. வெளிர் மஞ்சள் நிறத்தில், எண்ணெய் தேய்த்துக் காயவைத்த தோல் கிடைக்கும். பிற்காலத்தில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டையும் அதன் சாறும் பெருமளவு பிடித்துக்கொண்டன.

இன்றைக்கு உடைகளுக்குப் போகும் ஸ்வேட்டில் பெரும்பகுதி குரோமியம் உப்பில் பதனிட்டது, அதுதான் அதிக மிருதுவாக வரும். ஆனால் ஈ.ஐ. தோலின் சிறப்பு வேறு. அது ஒரு பாதி வழித் தோல். லண்டன் ஏலத்துக்குப் போய், அங்கிருந்து ஆலைகளுக்குப் போய், வாங்கியவர் தாவரச் சாற்றைக் கொஞ்சம் கழுவி எடுத்துவிட்டு, தன் விருப்பப்படி மறுபடி பதனிட்டு, சாயமேற்றி, புத்தக அட்டையாக, ஷூ உள்பட்டையாக, கையுறையாக, ஸ்வேட்டாக மாற்றிக்கொள்ளலாம். முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸின் மேல்தோலுக்காகச் சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோலை அரசே வாங்கியது. அந்த பூட்ஸில் எந்த ஊர்ப் பெயரும் இல்லை.

பெயர் எங்கே ஒட்டும்?

திருச்சிக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. ‘டிரிச்சினாப்பொலி’ சுருட்டு லண்டனில் அவ்வளவு பிரபலம். 1887-இல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, சாம்பலைப் பார்த்து அது டிரிச்சினாப்பொலி என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். மெல்லிய பொன், வெள்ளிக் கம்பியில் பின்னிய சங்கிலிக்கும் ‘டிரிச்சினாப்பொலி’ என்றே பெயர். இதில் ஒரு வேடிக்கை. ஸ்காண்டிநேவியாவிலும் பிரிட்டனிலும் கிடைத்த வைக்கிங் காலக் கம்பிப் பின்னல் சங்கிலிகளைத் தொல்லியல்காரர்கள் ‘டிரிச்சினாப்பொலி’ வேலை என்று எழுதுகிறார்கள். அதாவது வடக்கத்தி ஐரோப்பாவின் வெள்ளிச் சங்கிலியில் நம்ம ஊர்ப் பெயர், நம்ம ஊர் ஆட்டுத்தோலில் ஸ்வீடன் பெயர்.

சுருட்டுக்கும் சங்கிலிக்கும் ஒட்டிய பெயர் தோலுக்கு ஏன் ஒட்டவில்லை? என் பதில் எளிமையானது. சுருட்டு இங்கேயே சுற்றி முடிக்கப்பட்டது, சங்கிலி இங்கேயே பின்னி முடிக்கப்பட்டது, தோல் மட்டும் பாதியில் கப்பலேறியது. பெயர் எப்போதும் கடைசி வேலையைச் செய்தவருக்குத்தான். ஸ்வேட்டில் அந்தக் கடைசி வேலை என்ன? எமரித் தாள், சாயம், பிரஷ். வாரக்கணக்கில் குழியில் கிடந்த வேலைக்குப் பெயர் இல்லை, கடைசியாகத் தேய்த்தவனுக்கு ஒரு நாட்டின் பெயரே கிடைத்தது. சாப்ட்வேரில் இருக்கிற எங்களுக்கு இது புதுசில்லை. அடியில் ஓடும் நிரலை எழுதியவன் பெயர் திரையில் வருவதில்லை.

இங்கேதான் எனக்குப் புவிசார் குறியீட்டின்மேல் ஒரு விமர்சனம். ஈ.ஐ. லெதருக்கு அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் பதிவான பெயரைப் பாருங்கள். ‘ஈஸ்ட் இந்தியா’. கம்பெனி 1874-இல் கலைக்கப்பட்டுவிட்டது, தோல் இன்னும் அதன் பெயரைச் சுமக்கிறது. மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் குறியீடு கிடைத்தது, பெயரிலேயே ஊர் இருக்கிறது. திண்டுக்கல் பூட்டும் அப்படியே. ஒரு பொருள் எந்த மண்ணில் விளைந்தது என்று சொல்வதற்காகவே வந்த சட்டம், தோல் விஷயத்தில் மட்டும் பழைய லண்டன் ஏலப் பட்டியலில் இருந்த பெயரை அப்படியே எடுத்துப் பதிந்திருக்கிறது. வியாபாரத்தில் நிலைத்த பெயர் என்ற வாதம் புரிகிறது. ஆனால் அந்தப் பெயர் யார் வாங்கினார் என்று சொல்கிறதே தவிர, யார் செய்தார் என்று சொல்லவில்லை.

பாதியும் முழுசும்

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 1972-இல் சீதாராமய்யா கமிட்டி, பாதி பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து முழுமையான தோலும் தோல்பொருளும் அனுப்ப வேண்டும் என்றது. அடுத்த வருடமே ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகள் வளர்ந்ததில் இந்த முடிவுக்குப் பங்கு உண்டு. குழியும் பட்டையுமாக இருந்த செம்பட்டு மாதிரி இடங்களுக்கு அது வேறு மாதிரி அமைந்தது. அவர்கள் வித்தையே அந்தப் பாதிதானே.

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் ‘கிரஸ்ட்’ தோலுக்கு, அதாவது பதனிட்டுக் காய்ந்து கடைசி மெருகுக்குக் காத்திருக்கும் தோலுக்கு, இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரி நீக்கப்பட்டது. சிறிய ஆலைகள் ஏற்றுமதி செய்ய வசதியாக என்று காரணம் சொல்லப்பட்டது. சின்ன ஆலைக்காரருக்கு இது மூச்சு விட உதவும், மறுக்கவில்லை. ஆனால் எமரித் தாள் விழுவதற்கு முந்தின நிலை அதுதான். ஐம்பது வருடம் சுற்றி, பெயர் ஒட்டுவதற்கு ஒரு படி முன்னாலேயே மறுபடி சரக்கைக் கப்பலில் ஏற்றுகிறோம்.

இதில் நம்மிடம் நிச்சயமாகத் தங்கிவிடுவது ஒன்று உண்டு. கழிவுநீர். தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, சுண்ணாம்பு, குரோமியம் எல்லாம் இங்கேயே இறங்குகிறது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைப் பாலாறு வழக்கு என்றே எல்லாரும் நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அந்தத் தீர்ப்பு பேசிய ஐந்து மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று, திண்டுக்கல்லும் ஒன்று. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை, எல்லாம் அதில் உண்டு. பாரிஸில் ஒரு ஸ்வேட் கோட்டைப் பார்த்து ‘என்ன மென்மை’ என்று சொல்கிறவர் கண்ணில் அந்த உப்பு படாது. தோலுக்கு மட்டுமா, தொழிலுக்கும் ஒரு சதைப்பக்கம் உண்டு.

அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டிய புத்தகம் டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல். 2012-இல் சாகித்திய அகாடமி விருது பெற்றது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழிகளில் நின்றவர்கள், பெரும்பாலும் தலித்துகள், சங்கம் கட்டி எழுந்த கதை. தோலைப் பற்றி எந்த பேஷன் பத்திரிகையும் சொல்லாததை அது சொல்கிறது.

ஸ்ரீரங்கத்துச் செருப்பு

‘இங்கேயே முடித்தால் பெயர் ஒட்டும்’ என்று நான் சொன்ன சூத்திரத்துக்கு ஸ்ரீரங்கத்திலேயே ஒரு எதிர்க்கேள்வி இருக்கிறது.

ரங்கநாதர் கோயிலுக்குள் பெரிய தோல் செருப்புகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெருமாளுக்குச் சாத்தியவை. அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த இரண்டு பேர், தனித்தனி ஊரில், ஒருவர் வலது காலுக்கும் மற்றவர் இடது காலுக்குமாகத் தைப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே இரண்டும் ஜோடி சேர்ந்துவிடும் என்பது கோயிலில் சொல்லப்படும் கதை. கதையின் அதிசயம் முழுக்கப் பெருமாளுக்குப் போகிறது. தைத்தவர்களுக்குப் பெயர் கிடையாது.

இதே பெருமாளின் பாதுகையைப் பற்றி வேதாந்த தேசிகர் 1008 சுலோகத்தில் ‘பாதுகா சஹஸ்ரம்’ பாடினார். 32 பத்ததிகள். மாணிக்கத்துக்கு ஒன்று, முத்துக்கு ஒன்று, மரகதத்துக்கு, இந்திரநீலத்துக்கு, பொன்னுக்கு, பாதுகையின் ஓசைக்குக்கூட ஒன்று. தோலுக்கு இல்லை. தேசிகர் பாடியது மணி இழைத்த, குமிழ் வைத்த பாதுகையை. அதில் தோல் இல்லாதது அவர் குற்றமல்ல. ஆனால் இரண்டு செருப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தோல் செருப்பு இங்கேயே தைத்து முடிக்கப்பட்டது, கப்பலேறவில்லை, இடைத்தரகர் இல்லை. அப்படியும் செய்தவர் பெயர் ஒட்டவில்லை. 1939, 1947-ஆம் ஆண்டுகளின் ஆலயப் பிரவேசச் சட்டங்கள் வரும்வரை, செருப்பு போன இடத்துக்குத் தைத்தவர் போக முடியாது.

ஆக, சூத்திரத்தில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். வேலை இங்கே முடிய வேண்டும், அது முதல் நிபந்தனை. முடித்தவர் யார் என்பதை ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும், அது இரண்டாவது. தோலில் முதலாவதைக் கப்பல் கெடுத்தது, இரண்டாவதை நாம் கெடுத்தோம். ‘தோல் ஷாப்பு’ என்றதும் மூக்கைப் பொத்திக்கொண்ட ஊர், அந்தத் தோலின்மேல் தன் பெயரை எழுதக் கேட்டிருக்குமா?

சுருட்டுக்குப் பெயர் கொடுத்தோம், சங்கிலிக்குக் கொடுத்தோம். செருப்புக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

அடுத்த முறை ஸ்வேட் என்று எதையாவது கையில் எடுத்தால் மூன்று விஷயம் பாருங்க. விளிம்பில் நெய்த துணி தெரிந்தால் அது தோலே இல்லை. தோல்தான் என்றால் நாரை விலக்கிப் பாருங்க. கத்திக் காயம் இல்லாமல் சமமாக இருந்தால் நல்ல கை ஒன்று அதில் பட்டிருக்கிறது. பிறகு லேபிளைத் திருப்பி, பதனிட்ட ஊர் எது என்று தேடுங்க. கிடைக்காது. கிடைக்கும்வரை கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முறுக்கு வாங்கும்போது ‘மணப்பாறையா?’ என்று கேட்கிறோமே, அதே மாதிரி.